கொடியில் எத்தனை?

குழந்தை பிறந்த சேதி வந்ததும் நான் செய்த முதல் காரியம், எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, 'குழந்தைச் செலவு' என்று தலைப்பு எழுதியது. இரண்டாவது காரியம், எனக்கு முன்பே அப்பாவாகிவிட்ட ஆபீஸ் நண்பரிடம் யோசனை கேட்டது.

இரண்டாவதைச் செய்யாமல் இருந்திருந்தால், முதலாவதுக்கே அவசியம் வந்திருக்காது.

நண்பர் கொடுத்த பட்டியலில் முப்பத்தேழு அயிட்டம். பால் பாட்டில், பாட்டிலைக் கழுவப் பிரஷ், பாட்டிலைச் சூடுபண்ண ஒரு மெஷின், வழியும் பாலைத் துடைக்க ஒரு துண்டு, துண்டை அலச ஒரு தனி சோப்பு... "முதல் குழந்தை சார். கஞ்சத்தனம் பண்ணாதீங்க!" என்றார். உலகத்தில் பாதிக் கடைகள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகின்றன.

தலைப்பிரசவம் என்பதால் மனைவி தாய் வீட்டில், விக்கிரமசிங்கபுரத்தில். எனக்கு வேலை திருநெல்வேலியில். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பாபநாசம் பஸ். முதல் சனிக்கிழமை இரண்டு ராட்சசப் பைகளுடன் ஏறினேன். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அங்க கடை போடப் போறியளா?" என்றார்.

வீட்டில் பையைக் கவிழ்த்துப் பார்த்தது மனைவியின் ஆச்சி. வயசு எண்பதுக்கு மேல். ஏழு பெற்றவள்.

"இது என்னதுய்யா?"

"ஈரத் துணி ஆச்சி. பிள்ளையைத் துடைக்க. காசு கொடுத்து வாங்கினது."

"தண்ணியில்லாத ஊருக்கா வந்திருக்கீக?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேலே பாபநாசம் அணை, பக்கத்தில் அகஸ்தியர் அருவி, கீழே தாமிரபரணி. இந்தத் தண்ணீரின் வேகத்தை நம்பித்தான் 1880-களில் ஹார்வி கம்பெனி இங்கே மில் கட்டியது. மில்லைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. அப்பேர்ப்பட்ட ஊருக்கு நான் ஈரத்தை பாக்கெட்டில் அடைத்துச் சுமந்து வந்திருக்கிறேன்.

ஒருமுறை கட்டித் தூக்கிப்போடும் டயாப்பர் கட்டைப் பார்த்ததும் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து மாமனாரின் பழைய வேட்டிகளை எடுத்தாள். மாமனார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் துவைத்துத் துவைத்து, பூப்போல ஆகியிருந்தன அந்த வேட்டிகள். ஒரு வேட்டியைக் கிழித்தால் எட்டுத் துண்டு. நாலு வேட்டிக்கு முப்பத்திரண்டு. வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்து அடுக்கிவிட்டாள். செலவுக் கணக்கில் நான் எழுதியது: பூஜ்யம். மாமனார் மட்டும் கொஞ்ச நாள், "மாப்பிள்ளை, கட்டிக்க ஒண்ணாவது மிச்சம் வைக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் மனுக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

ஒரே ஒரு தகராறு, சாரல். ஆனி, ஆடியில் பொதிகையிலிருந்து இறங்கும் சாரலில் உடம்பு குளிரும், மனசு குளிரும். மூத்திரத் துணி மட்டும் காயாது. பட்டாசாலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஃபேன் போட்டு, கடைசியில் இஸ்திரியும் போட்டுத்தான் சமாளித்தோம். நான் வாங்கிவந்த டயாப்பர் அப்போதுதான் பிரயோஜனப்பட்டது. ராத்திரிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்று. மற்ற நேரம் வேட்டிதான்.

இதுவரை எல்லாம் சிரிப்புதான். ஐந்தாவது வாரம் சிரிப்பு நின்றது.

சாயங்காலம் விளக்கு வைத்தால் பையன் அழ ஆரம்பிப்பான். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். எடுத்தாலும் அழுகை, போட்டாலும் அழுகை. குழந்தை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாத் தீர்ப்பும் கடைசியில் ஒன்றுதான்: "தாய்க்குப் பால் பத்தலை." பத்துப் பேர் சொன்னால் பெற்றவளே நம்பிவிடுவாள். ஒரு ராத்திரி போனில் என் மனைவி, "நான் பிள்ளையப் பட்டினி போடுதேனாங்க?" என்று கேட்டு அழுதாள். மறுநாளே ஒரு டப்பா பால்பவுடர் வாங்கிவிட்டேன்.

அந்த டப்பாவை நீங்கள் பார்த்திருக்கலாம். குழந்தைப் படம் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 1992-ல் வந்த சட்டம் அப்படி, விளம்பரமும் செய்யக்கூடாது. சிகரெட்டைப் போலவே, விற்கிற சாமானுக்கு எதிராக அதன் மேலேயே எழுதியிருக்கும். இருந்தும் வாங்கினேன். பயந்தவன் டப்பாவைப் படிப்பதில்லை.

அந்தப் புதன்கிழமை ஆறாவது வாரத் தடுப்பூசி. லீவு போட்டுவிட்டு நானும் போனேன். தோள் பையில் டப்பா. எத்தனை கரண்டி போட வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் கேட்பதாக உத்தேசம்.

தடுப்பூசி வரிசை மாதிரி ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பனார், "சட்டை வாங்காதீங்க சார், மூணு மாசத்துல பத்தாது. சொந்தக்காரங்க வீட்டுல கேளுங்க. எம் பிள்ள போட்டிருக்கது அஞ்சாவது கை" என்றார். கொசுவத்திச் சுருளை விட்டுவிட்டுக் கொசுவலைக்கு மாறச் சொன்னார் ஒருத்தர். ஒரு பாட்டி பவுடரே வேண்டாம் என்றார், மூக்கில் ஏறுமாம். பாலைப் பீய்ச்சிக் கொடுக்க நேர்ந்தால் பாட்டில் வேண்டாம், சங்குதான் நல்லது என்றார் இன்னொரு அம்மா. இடுக்கு மூலை இல்லை, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் சுத்தம்.

பக்கத்தில் ஒரு பெண். பீடி சுற்றுகிறவர். மடியில் இரண்டாவது பிள்ளை. ஊசிக்கு முன்னால் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"மூத்தவனுக்கு டப்பாப் பாலுதாண்ணே. எல்லாரும் பால் பத்தலன்னாக. நானும் நம்பிட்டேன். டப்பா நாலஞ்சு நாள்ல தீந்துபோவும். எங்களுக்குக் கட்டுமா? ஒரு கரண்டி போடுத எடத்துல அரைக் கரண்டி போட்டு, தண்ணியக் கூட்டிட்டேன். வயிறு நெறஞ்சு தூங்கத்தான் செஞ்சான். மூணு மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிட்டான். பொறவு வயித்தால போக ஆரம்பிச்சு, கண்ணு உள்ள போயி... பெரியாஸ்பத்திரில உப்பு சர்க்கரத் தண்ணி கொடுத்துக் கொடுத்துத்தான் பொழைக்க வச்சாக. இப்பம் ரெண்டாப்பு படிக்கான். ஆனாலும் டப்பாவைக் கண்டா எனக்கு இன்னும் கை நடுங்கும்ணே."

என் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினேன்.

அந்த உப்பு சர்க்கரைப் பொட்டலம் லேசுப்பட்டதல்ல. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்து, ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்மில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இன்று அந்தப் பொட்டலம் சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கிறது. பெரிய பொட்டலம் முழுசும் ஒரு லிட்டர் தண்ணீரில். இதிலும் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பச்சைப் பிள்ளைக்கு வயிற்றால் போனால் தாய்ப்பாலையும் நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

எங்கள் முறை வந்தது. நர்ஸம்மா பையனைத் தராசில் போட்டார். பிறக்கும்போது இரண்டு கிலோ எழுநூறு. இப்போது மூன்று கிலோ அறுநூறு.

"பால் பத்தலைன்னு..." என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான்?"

நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். பின்னால் நின்ற ஆச்சி, "நேத்து பதினொண்ணு. முந்தாநாள் பத்து" என்றாள், மளிகைக்கடைக் கணக்கு மாதிரி. தினமும் கொடியில் போடும்போது எண்ணியிருக்கிறாள்!

நர்ஸம்மா சிரித்துவிட்டார். "ஆறு துணி நனைச்சாலே போதும்மா. எடையும் ஏறுது. அப்புறம் என்ன? ஆறாவது வாரம் அழுகை உச்சத்துல இருக்கும். மூணு, நாலு மாசத்துல தானா அடங்கும். இடையில பாட்டிலைக் கொடுத்தா பிள்ளை உறிஞ்சுறது குறையும். உறிஞ்சுறது குறைஞ்சா பால் குறையும். டப்பா டப்பாவைக் கூட்டிட்டு வரும்." சில தாய்மார்களுக்கு நிஜமாகவே பால் குறைவதுண்டு, அதைத் தராசும் டாக்டரும் சொல்ல வேண்டும், பக்கத்து வீடு அல்ல என்றும் சொன்னார்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். இது எனக்குப் பழமொழியாகத் தெரியும். பாடமாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆச்சி ஜெயித்த கர்வத்தில் இருக்கும்போது நர்ஸம்மா அவளிடம் திரும்பினார். ஆறு மாதம் வரை பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. தேன் ஒரு வயசுக்குள் கூடாது. மூக்கில், காதில் எண்ணெய் விடக்கூடாது. கண்ணுக்கு மை வேண்டாம். சாம்பிராணிப் புகை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஆச்சி முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அப்பம் வசம்பு? அதுக்குப் பேரே பிள்ளை வளர்ப்பான்லா!"

"கையில கட்டுங்க ஆச்சி. வாயில வேண்டாம்."

வழியெல்லாம் ஆச்சி முனகிக்கொண்டு வந்தாள். ஆனால் மறுநாள் உரைகல்லைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

போன வாரம் நோட்டைப் புரட்டினேன். பிள்ளை கணக்கில் பெரிசாக ஒன்றும் இல்லை. பால் இலவசம், துணி மாமனார் உபயம், தூளி மாமியாரின் பழைய சேலை, ஊசி சர்க்கார் செலவு. பிரசவம் முடிந்து வீட்டில் கொண்டுவந்து விட்டதும் அரசாங்க வண்டிதான். செலவான பக்கம் வேறு: முட்டை, கீரை, பூண்டு, சுறாப்புட்டு, பாசிப்பருப்பு. பிள்ளையை வளர்ப்பவளுக்குச் சாப்பாடு. 'குழந்தைச் செலவு' என்பதை அடித்துவிட்டு 'தாய்ச் செலவு' என்று எழுதினேன். அந்த டப்பா இன்னமும் திறக்கப்படாமல், அடுக்களையில் மாவுச்சட்டி மூடி நகராமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது பஸ்ஸில் போகும்போது மனைவிக்குப் போன் போட்டால் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எத்தனை?"

"ஒன்பது!"

"ஒன்பதா? பிரமாதம்!"

சேரன்மகாதேவி தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் தாங்க முடியாமல் என் தோளைத் தொட்டார்.

"ஒன்பது விக்கெட்டு போயிட்டா தம்பி? ஆடுறது யாரு, நம்மாளுகளா?"

"நம்மாளுதான் பெரியவரே" என்றேன். "ராத்திரிக்குள்ள பத்தைத் தாண்டிருவான்."