ஊர் சொன்னதை ஆய்வுக்கூடம் சொன்ன பிறகு

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன்னால் கடலில் ஒரு சோதனை நடக்கும். குளியாட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்களில் இறங்கிச் சிப்பிகளை அள்ளி வருவார்கள். அவற்றை எண்ணி, திறந்து பார்த்து, குளிப்பு உண்டா இல்லையா என்று அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். கடைசியாகப் பெரிய குளிப்பு நடந்தது 1961இல். இன்றைய மொழியில் சொன்னால், குளியாட்கள் செய்தது மாதிரி எடுக்கும் வேலை. ஆனால் அதற்கு அறிவியல் என்ற பெயர் கிடைத்தது அறிக்கை எழுதியவரின் மேசையில்தான். கடலுக்குள் இறங்கியவருக்குக் கிடைத்தது கூலி.

கையால் தொட்டு அறிவது கீழ், ஏட்டில் எழுதுவது மேல் என்பது சாதி கற்றுத்தந்த பாடம். ஸ்டெர்லைட் விவகாரத்தில் இந்தப் பாடம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று பார்த்தோம்.

1996இல் தாமிரத் தாது ஏற்றிவந்த கப்பலை மீனவர்கள் படகுகளோடு சென்று மறித்தார்கள். 1997இல் ஆலைக்கு அருகே உலர்பூ நிறுவனமொன்றில் வேலை செய்த பெண்கள் மயங்கி விழுந்தார்கள். காற்றும் தண்ணீரும் கெடுகின்றன என்று ஊர் சொன்னது. அது "புகார்" என்று மட்டுமே பதிவானது.

1998இல் சென்னை உயர் நீதிமன்றம் நீரியை, அதாவது தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை, ஆய்வு செய்யச் சொன்னது. நீரி ஒன்றிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடங்களில் ஒன்று. தலைமையகம் நாக்பூரில். 1956இல் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய அதே ஊர். நீரியின் அறிக்கை நிலத்தடி நீரில் மாசு இருப்பதைச் சொன்னது. விதித்த அளவில் பசுமை வளையம் இல்லை என்றது. ஆலை மன்னார் வளைகுடாவுக்கு மிக அருகில் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. ஆலையை மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாள்களில் உத்தரவு மாறி ஆலை மீண்டும் ஓடியது. மறு ஆய்வும் நீரியிடமே போனது. 1999இல் வந்த அந்த அறிக்கை ஆலைக்குச் சாதகமாக இருக்கிறது என்று போராடியவர்கள் சாடினார்கள்.

2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீரியின் பல அறிக்கைகளை முன்வைத்தே ஆலை மாசுபடுத்தியது என்று ஏற்றுக்கொண்டது. 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஆலை ஓடவும் அனுமதித்தது. ஊர் சொன்னது உண்மை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகும், அந்த ஊர் தொடர்ந்து அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டியிருந்தது.

2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரம் மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நூறாவது நாளான மே 22 அன்று மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தபோது போலீஸ் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆய்வறிக்கைகளால் முடியாததை 13 உயிர்களைக் கொடுத்துச் செய்ய வேண்டியிருந்தது.

"அறிவியலில் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்பார்கள். தண்ணீரில் கலந்த ஆர்செனிக்குக்குச் சாதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கிணற்றில் மாதிரி எடுப்பது, எந்த நாளில் எடுப்பது, முடிவை யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் நாற்காலிக்குச் சாதி உண்டு. ஒன்றிய அரசின் 1975ஆம் ஆண்டு ஆணை ஒன்று, ஆராய்ச்சியை நடத்தும், வழிகாட்டும் அறிவியல் பணியிடங்களுக்கு, 'ஏ' பிரிவின் அடிநிலைக்கு மேலே இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தருகிறது. அடியில் நுழையலாம், மேலே போகப் போக சமூகநீதி தேவையில்லை என்பதே இதன் பொருள். ஆய்வுக்கூடத்தின் வாசலில் மாட்டிய இந்தப் பூட்டைப் பற்றி நம் கட்சிகள் ஏன் பேசுவதில்லை?

நமக்கு ஆய்வுக்கூடங்கள் வேண்டும். நீரி அளந்திராவிட்டால் ஊரின் பேச்சு புகாராகவே செத்திருக்கும். அளவுகோலை யாரும் வெறுக்கவில்லை. அது ஒரே கையில் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம். எனவே மூன்று கோரிக்கைகள். மாதிரி எடுக்கும் இடத்தையும் நாளையும் ஊர் மக்களும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும் நாளிலேயே தமிழில் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். 1975இன் விலக்கை நீக்க வேண்டும்.

உப்பளத்தில் நிற்பவரும் வலை இழுப்பவரும் மானாவாரி நிலத்தை உழுபவரும் ஒரே சாதியினர் அல்லர். ஆனால் மூவரின் வார்த்தையும் சான்றாக எண்ணப்படுவதில்லை. அந்த நிலை மாறும்வரை, அடுத்த ஆலை எந்த ஊருக்கு வந்தாலும் இதே கதைதான் நடக்கும்.