தொழில்முனைவோரா, ஊதியமற்ற விற்பனையாளரா?

வேலை தர இயலாத அரசுக்கும், தொழிலாளி என ஏற்க மனமில்லாத பெருநிறுவனங்களுக்கும் ஒருசேரப் பிடித்துப்போன சொல் 'தொழில்முனைவோர்'. பெருநிறுவனத்தின் பெயரையும் சரக்கையும் ஏழைக் குடும்பங்களின் கையில் கொடுத்து விற்கச் செய்யும் 'மைக்ரோ ஃபிரான்சைஸ்' முறையே வறுமை ஒழிப்பின் புதிய வழி என்று இன்று போற்றப்படுகிறது.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது, இன்று இந்துஸ்தான் யூனிலீவர் எனப்படும் நிறுவனத்தின் 'சக்தி' திட்டம். 2000-ஆம் ஆண்டையொட்டி ஒன்றுபட்ட ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு இது தொடங்கப்பட்டது. பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவி, லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை இணைத்துள்ளது. சோப்பு, ஷாம்பு, தேயிலை ஆகியவற்றைக் கழிவு விலையில் வாங்கிக் கிராமத்தில் விற்க வேண்டும்; விலை வித்தியாசமே வருவாய்.

வேறு வேலை கிடைக்காத பெண்ணுக்கு அந்த வருவாயும், அதனால் வரும் தன்னம்பிக்கையும் மெய்யானவை. அவற்றை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால், முடிவெடுப்பவர் யார், இழப்பைச் சுமப்பவர் யார் என்று கேட்டாக வேண்டும். இம்முறையில் பொருளையும் விலையையும் கழிவையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. முதலுக்கு வாங்கிய கடனும், அக்கம்பக்கத்தில் வராத பாக்கியும் அவள் தலையில் விழுகின்றன. விநியோக வண்டி எட்டாத ஊரில் நிறுவனத்துக்குச் சந்தை கிடைக்கிறது. அவளுக்கோ மாத ஊதியம் இல்லை, வருங்கால வைப்புநிதி இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை. ஊர் மக்களின் கூலி உயராதவரை அங்கே வாங்கும் சக்தியும் உயராது. பெட்டிக்கடையில் நடந்த வியாபாரம்தான் அவள் வாசலுக்கு இடம் மாறும்.

கடனும் சந்தையுமே ஏழையைக் கரையேற்றிவிடும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுவிடும் என்பதையும் அதே ஆந்திரம் கண்டது. நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகியதால், 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

மாற்று வழி நமக்குப் புதிதல்ல. 1950-களின் இறுதியில் காப்பி வாரியம் தனது காப்பி விடுதிகளை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் தோழர் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, இந்தியன் காபி ஹவுசைத் தமதாக்கிக் கொண்டனர். 1998-இல் கேரளத்தில் உருவான குடும்பஸ்ரீ, உள்ளாட்சிகளின் துணையோடு பெண்களின் கூட்டுத் தொழில்களை வளர்த்தது. இரண்டிலும் பெயர்ப்பலகை மட்டுமல்ல, உடைமையும் உழைப்பவரிடமே இருக்கிறது.

விற்காத சரக்கைத் திரும்பப் பெறுவதும், விற்பனையாளருக்குச் சமூகப் பாதுகாப்பு நிதி செலுத்துவதும் நிறுவனங்களுக்குச் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். பொதுத்துறை வங்கிகள் மகளிர் கூட்டுறவுகளுக்குக் குறைந்த வட்டியில் நேரடிக் கடன் தர வேண்டும். ஊரக வேலை உரிமை காக்கப்பட வேண்டும்.

சுயஉதவிக் குழுக்களிடையே பணியாற்றும் தோழர்களின் கடமை, இப்பெண்களைத் தனித்தனி வியாபாரிகளாக விட்டுவிடாமல், உழைக்கும் வர்க்கத்தின் பகுதியாக அணிதிரட்டுவதே.