சென்சார் செத்துப்போனால் யார் சொல்வது?

பட்டாசு ஆலைகளில் வயர்லெஸ் சென்சார் பொருத்திவிட்டால் விபத்தே நடக்காது என்று என் சாஃப்ட்வேர் நண்பர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் சித்தி சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார்.

போன கோடையில் விருதுநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சென்சார் வைத்து, வெப்பநிலையைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாட்களாக 34 டிகிரி. நள்ளிரவிலும் அதே 34! பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, என் புரோகிராம் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சித்தி கேட்டார்: "ஏண்டா, அது செத்துப்போச்சுன்னா உனக்கு யாரு வந்து சொல்றது?"

சரியான கேள்வி. சென்சார் அளக்க வேண்டும், செய்தி சர்வருக்குப் போக வேண்டும், சங்கு ஊத வேண்டும், பொறுப்பான ஒருவர் 'பார்த்துவிட்டேன்' என்று பட்டனை அழுத்த வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றவை வீண். எனவே ஒவ்வொரு சென்சாரும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் அதுவே ஆபத்து அறிவிப்பு. போர்மேன் பதில் தராவிட்டால் செய்தி தானாக அடுத்தவருக்குப் போக வேண்டும். வயர்லெஸில் ஒரே செய்தி இரண்டு முறை வருவது சகஜம். 'மோட்டார் சுவிட்சை மாற்று' என்று கட்டளை எழுதினால் இரண்டாவது முறை மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும். 'மோட்டாரை அணை' என்றால் பத்து முறை வந்தாலும் பாதகமில்லை.

மூணாறு அந்தோணியார் காலனியில் மண்சரிவைக் கண்காணிக்க அமிர்தா பல்கலைக்கழகத்தினர் அமைத்த சென்சார் நெட்வொர்க், 2009 பருவமழையின்போது முன்கூட்டியே எச்சரித்தது. ஆனால் மலை நமக்கு அவகாசம் தருகிறது. மருந்துக் கலவை அறையில் உராய்வில் பறக்கும் பொறி தராது. அந்தப் பொறியை எந்தச் சென்சாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாதாரண எலக்ட்ரானிக் போர்டை அந்த அறைக்குள் வைப்பதே ஆபத்து.

அப்படியானால் பயனே இல்லையா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெடிச்சத்தம் கேட்டு, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அந்த இடைவெளியில்தான் நெட்வொர்க்குக்கு வேலை இருக்கிறது: எந்த அறை, எத்தனை பேர் உள்ளே, யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யாரை வாசலில் தடுக்க வேண்டும். இத்தனையும் யாரும் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே நடக்க வேண்டும்.

மாடி சென்சாரைத் திருத்திவிட்டேன். பத்து நிமிடம் அதனிடமிருந்து செய்தி வராவிட்டால் என் செல்போன் அலறும். சித்தியின் ஆலையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.