நூறிலிருந்து ஏழைக் கழித்தல்

முதுமையில் வரும் இயல்பான மறதியையும் அல்ஸைமர் நோயின் தொடக்கத்தையும் பிரித்தறிய முற்படும் மருத்துவர், முதலில் கருவியை நாடுவதில்லை, கேள்வி கேட்கிறார். 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹ்யூவும் வகுத்த எம்.எம்.எஸ்.இ. என்னும் முப்பது மதிப்பெண் தேர்வு, பல நாடுகளிலும் பரவலாகப் பயன்படுவது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்று அது செல்கிறது. இக்கேள்வித்தாளைத் தருமபுரி மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதே நம் கேள்வி.

2011 கணக்கெடுப்பின்படி தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழகத்திலேயே கடைசி இடம். பெண்களில் அது 60 விழுக்காடு. இது இளையோரையும் சேர்த்த கணக்கு. எழுபதைக் கடந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வாழ்நாளில் எழுதுகோலே பிடித்திராத ஒரு பாட்டியிடம் ஐங்கோணம் வரையச் சொன்னால், நாம் அளப்பது அவருடைய மூளையை அன்று. அவருக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்கூடத்தை. ‘இது எந்த மாவட்டம்?’ என்ற கேள்வியும் அவ்வளவு எளிதன்று. 1965-இல்தான் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆங்கிலத் தேதியில் தடுமாறுகிறவர், ஆடிப்பெருக்கு கழிந்து எத்தனை நாள் என்பதைப் பிசகின்றிச் சொல்லக்கூடும்.

தவறு மறுபக்கமும் நேரும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கழித்தலையும் வாக்கியத்தையும் பழக்கத்தின் வலிமையால் எளிதில் கடந்துவிடுவார். போன மாதம் கொடுத்த கடனை அவர் மறந்ததும், தெரிந்த தெருவில் வழி தவறியதும் மதிப்பெண்ணில் தெரியாமலே போகலாம். படிக்காதவருக்கு இல்லாத நோயும், படித்தவருக்கு இருக்கும் நோயின் மறைவும் ஒரே தாளிலிருந்து வருகின்றன.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கரில், எழுத்தறியாத கிராமத்தாருக்காக இத்தேர்வை இந்தியில் மாற்றியமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். நூறிலிருந்து ஏழு என்பது அங்கே இருபதிலிருந்து மூன்று ஆயிற்று. வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதேனும் சொன்னால் போதும். நம் பக்கத்து வேலூரிலும் சமூக அளவில் முதுமறதியைக் கண்டறியும் கேள்விகள் உருவாக்கப்பட்டு 2009-இல் வெளியாயின. முதியவரை மட்டுமன்றி, உடனிருந்து கவனிப்பவரையும் அவை விசாரிக்கின்றன. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விரிவான அறிதிறன் தேர்வுத் தொகுப்பு 2020-இல் வெளிவந்தபோது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளே அதில் இருந்தன. பென்னாகரம் பக்கம் வீட்டில் கன்னடம் பேசும் முதியவருக்குக் கிடைத்தது, அடுத்த வீட்டுத் தமிழருக்கு அன்று கிடைக்கவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய தேர்வை மொழிபெயர்த்துவிட முடியாது. ஆங்கிலத்தில் ‘உலகம்’ ஐந்தெழுத்துச் சொல். அதைத் தலைகீழாகச் சொல்லச் சொல்கிறார்கள். தமிழில் அது நான்கெழுத்து; திருப்பினால் மெய்யெழுத்து முதலில் வந்து நாக்கு இடறுகிறது. ஆங்கில இடைச்சொற்களை அடுக்கிய ஒரு தொடரைத் திருப்பிச் சொல்லவும் கேட்கிறார்கள். தமிழில் அதற்கு ஈடாக எதை வைப்பது? வட்டார வழக்கும் ஒலியும் அறிந்தவர்கள் மருத்துவரோடு உட்கார வேண்டிய வேலை இது.

கேள்விகளுக்குப் பின் வருபவை உடற்பரிசோதனைகள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கேட்கும் திறன் குறைதல், தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்த இரத்தம் ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றுள் பலவற்றைச் சரிசெய்யலாம். ஆகவே ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதும் ஆபத்து. மூளையில் படியும் புரதங்களை அறியத் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும் உள்ளன. 2025 மே மாதம் அமெரிக்கா, 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான முதல் இரத்தப் பரிசோதனைக்கும் அனுமதி அளித்தது. ஆனால் அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்கே. அறிகுறி உண்டா என்று முடிவுசெய்வது மறுபடியும் கேள்வியும் பதிலும்தான்.

2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், முதுமறதியுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. கிராமங்களிலும் பெண்களிடத்திலும் அது கூடுதல். 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் இம்மண்ணின் பேச்சில் அமைந்த பத்துக் கேள்விகளைக் கொடுக்க வேண்டும். அவற்றில் பாதியை மருமகளிடம் கேட்க வேண்டும். சந்தேகம் எழுந்தால், 2008 முதல் மாவட்டத் தலைநகரில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். பெரிய செலவில்லாத இந்த ஏற்பாட்டுக்கு முதலில் வேண்டியது நல்ல தமிழில் பத்துக் கேள்விகள்.