அரசியரின் முழு வாழ்வும் எழுதப்படட்டும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கீழ்பென்னாத்தூர். மேற்கே அண்ணாமலையார் கோயில், கிழக்கே செஞ்சிக் கோட்டை, தெற்கே மலையமான்கள் ஆண்ட திருக்கோவலூர். இம்மூன்று இடங்களோடும் தொடர்புடைய பெண்டிரின் வாழ்வு தமிழ் வரலாற்றுப் புதினத்தில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

திருக்கோவலூர் மலையமான் குலத்தில் பிறந்து, சுந்தர சோழருக்கு மனைவியாகி, குந்தவைக்கும் முதலாம் இராசராசனுக்கும் தாயானவர் வானவன் மாதேவி. கி.பி. 973 அளவில் கணவர் இறந்தபோது அவரும் உடன் தீப்புகுந்தார். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு அதனைப் பாட்டில் பதிந்துள்ளது; பால் மறவாத மகவைப் பிரிந்து அவர் போனதையும் மறைக்காமல் கூறுகிறது. கல்லில் பொறித்தவர்க்கு அது கற்பின் பெருமை. இன்று படிப்போர்க்கு அந்த ஒரு செய்தியே நெஞ்சை அறுக்கும். அம்முடிவை எடுத்தது அவரா, அரண்மனையா, குலமரபா? அன்று குந்தவை எங்கே நின்றார்? இவற்றை வினவ வரலாற்றாசிரியனுக்குச் சான்று போதாது. ஆனால் புதின ஆசிரியனுக்கு அந்த உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

கல்கியின் பொன்னியின் செல்வனில் (1950–54) இவ்வரசி நோயுற்ற கணவரின் அருகிருந்து தொண்டு புரிபவராக வருகிறார். அப்பெரும் படைப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. குந்தவையின் அரசியல் மதியையும் கடலஞ்சாப் பூங்குழலியையும் நமக்குத் தந்த எழுத்து அது. சிவகாமியின் சபதத்தில் ஓர் ஆடற்பெண்ணின் காதலையும் அவமானத்தையும் வாதாபிப் போரின் நடுவே நிறுத்தியவரும் அவரே. எனினும் அவர் வழிவந்தோர் பலர் அவருடைய காதல் காட்சிகளை எடுத்துக்கொண்ட அளவுக்கு ஆராய்ச்சி உழைப்பை எடுத்துக்கொள்ளவில்லை. வரலாற்றுப் புதினம் வார இதழ்த் தொடராக வளர்ந்த இலக்கியம். அடுத்த இதழ் வரை வாசகரைக் காக்க வைக்கக் காதலைப் போல் துணை செய்வது வேறில்லை. அதனால் இளவரசி நந்தவனத்தில் காத்திருப்பதும், ஒற்றனோடு ஓலை போக்குவதும், இறுதியில் மாலை சூடுவதுமே அவள் வாழ்வு என்றாயிற்று. மணத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அவளது வாழ்வோ பல வேளைகளில் அதன் பின்னரே தொடங்கியது.

சோழ மன்னர் கண்டராதித்தர் மறைந்தபின் அவர் மனைவி செம்பியன் மாதேவி பல்லாண்டு வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். கோனேரிராசபுரத்தில் தம் கணவர் இறைவனை வணங்கும் உருவத்தையும் செதுக்கி வைத்தார். அதுவும் காதலே, கைம்மையையும் கடந்து உழைத்த காதல். தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்தப்பட்ட ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயரும், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தனர் என்பதும் கல்லில் உள்ளன. ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பெற்ற அவர்கள், பிறந்த ஊரை விட்டு வந்தபோது என்ன எண்ணினர்? இராசராசனின் மனைவி பஞ்சவன் மாதேவியை உடையார் நாவலின் நடுவில் அமர்த்தினார் பாலகுமாரன். இராணி மங்கம்மாளின் ஆட்சிச் சுமையை எழுதினார் நா. பார்த்தசாரதி. வழி இருக்கிறது, நடப்போர்தாம் குறைவு.

நம் அருகிலேயே காண்போம். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது செஞ்சித் தேசிங்கு மாண்டான். அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். இராணிப்பேட்டை என்னும் நகரின் பெயர் அவள் நினைவாக எழுந்தது என்பர். கதைப்பாடலோ தேசிங்கின் குதிரைக்கும் தோழன் மோவுத்துக்காரனுக்கும் தரும் இடத்தை அவள் மனத்துக்குத் தரவில்லை. அருணாசல புராணத்திலும் அடியாராக வந்த இறைவனுக்கு வல்லாள மன்னன் தன் இளைய மனைவி சல்லமாதேவியை ஈயத் துணிகிறான். இறைவன் குழவியாகி அவளைக் காத்தான் என்று நாம் கைகூப்புகிறோம். அடியார் இருந்த அறையின் வாயிலைக் கடந்த கணத்தில் அவள் உள்ளம் பட்ட பாட்டை எழுதுவது பத்திக்கு இழுக்கன்று.

செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாளோ இல்லற வாழ்வையே மறுத்தவர். வீடுவீடாகப் பொருள் திரட்டி, அண்ணாமலையார் கோயிலில் நின்றுபோன வடக்குக் கோபுரத்தை முடித்தார். 171 அடி உயர்ந்த அக்கோபுரம் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. காதல் இன்றியும் ஒரு பெண்ணின் வரலாறு நிறைவுறும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று நம் மாவட்டத்தில் இல்லை.

உடன்கட்டையைப் புனிதமென்று போற்றும் நடை இனி வேண்டா. அதற்கு அஞ்சி அப்பெண்களையே மறப்பதும் தகாது. எழுத வருவோர் அரண்மனை நந்தவனத்தைக் கற்பனை செய்யுமுன் திருக்கோவலூர்க் கல்வெட்டைப் படிக்க வேண்டும். திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொகுத்து வெளியிட்டுள்ளது. அத்தொகுப்பும், அதனை எளிய தமிழில் விளக்கும் நூல்களும், கீழ்பென்னாத்தூர் வட்டத்து நூலகங்களிலும் மேனிலைப் பள்ளிகளிலும் மாணவியர் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். வானவன் மாதேவியின் கதையை எழுதவேண்டியவள் அவர்களுள் ஒருத்தியாக இருக்கலாம்.