பாதி வரைந்த கிண்ணம்
ஜெர்மனியின் நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க் நகர வெள்ளிப் பட்டறைகளின் பழைய மாதிரிச் சித்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் நடுக்கோட்டில்தான் போய் நிற்கிறது. சில தாள்களில் கோட்டுக்கு ஒரு புறம் கொடியும் இலையுமாகக் கிண்ணம் நிறைந்திருக்கும். மறுபுறம் வெற்றுத்தாள், அல்லது முற்றிலும் வேறொரு கைப்பிடி. இரு பக்கமும் ஒன்றுபோலத்தானே, பாதி போதும் என்பது பட்டறைச் சிக்கனம். கைப்பிடி வேறு வேறாக இருந்தால், எது பிடித்திருக்கிறது என்று வாங்குபவரைக் கேட்கும் வியாபாரம். பொற்கொல்லரின் மகனான ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் கிண்ணங்களுக்கு மாதிரி வரைந்தவர்தான். 16ஆம் நூற்றாண்டு நியூரம்பர்க்கில் ஒரு பொற்கொல்லருக்கு ஆசான் பட்டம் வேண்டுமென்றால் கல் பதித்த மோதிரம், முத்திரை, பூ வடிவக் கிண்ணம் மூன்றும் செய்து காட்டவேண்டும். அத்தனை தேர்ந்த கைகள் செய்த வெள்ளியில் பெரும்பகுதி போர்ச் செலவுக்கும் புது மோஸ்தருக்குமாக உருகிப்போனது. உருக்கினால் காசு தராத தாள் தப்பித்தது. அதுவும், பேசல் நகரச் சட்டப் பேராசிரியர் பசிலியஸ் அமெர்பாக் போன்ற சிலர் பட்டறைக் காகிதங்களை அந்தக் காலத்திலேயே தேடிச் சேர்த்ததால். அருங்காட்சியகத்தில் கூட்டம் வெள்ளிக் கிண்ணத்தைச் சுற்றித்தான் நிற்கும். நிற்கட்டும், எதை வரையாமல் விடலாம் என்று தெரிந்திருந்த அந்தக் கைக்குத்தான் என் ஓட்டு.