உயிர்ச்சத்து மாத்திரையும் மார்பகப் புற்றுநோயும்

திருவாண்டார்கோயில் போன்ற ஊர்களில் வரப்பில் அகத்தியும் புழக்கடையில் முருங்கையும் வளர்வதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. ஆயினும் அக்கீரையைக் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விற்ற காசில் உயிர்ச்சத்து (வைட்டமின்) மாத்திரை வாங்கும் குடும்பங்களும் உண்டு. மாத்திரை தின்றால் மார்பகப் புற்றுநோய் அண்டாது என்ற எண்ணமும் இதனுடன் சேர்ந்து கொண்டால் நட்டம் இருமடங்காகும்.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022இல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே பெண்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. அந்த அச்சம் தவறான வழியில் பணத்தைச் செலவிடச் செய்வதுதான் கவலைக்குரியது.

இந்நோய் கண்டவர்களின் இரத்தத்தில் உயிர்ச்சத்து 'டி' குறைந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிய வந்தது. அப்படியானால் அதைக் கொடுத்தால் நோய் வராதல்லவா என்று கேட்கலாம். நெற்பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்று யூரியா இடுகிறோம். மஞ்சளித்தது துங்ரோ நோயால் என்றால் எத்தனை மூட்டை யூரியா இட்டும் பயனில்லை. பச்சைத் தத்துப்பூச்சிதான் பெருகும். அறிகுறி வேறு, காரணம் வேறு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களில் ஒரு பாதியினருக்குச் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து 'டி'யும், மறு பாதியினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ 7 ஆண்டுகள் கவனித்தனர். மார்பகப் புற்றுநோய் இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பின்லாந்திலோ, புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கரோட்டின் மாத்திரை கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடவே செய்தது. அம்முடிவு 1994இல் வெளியாயிற்று.

அப்படியானால் கீரை வீணா? இல்லை. கண்ணுக்கும் இரத்தத்திற்கும் வேண்டிய சத்துகள் அதில் உள்ளன. சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் கரோட்டின் நன்கு உடலில் சேரும். இதற்காகவே வாரம் சில கட்டுகளை வீட்டுக்கென்று ஒதுக்கலாம். கீரை புற்றுநோயைத் தடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கருவுற்ற பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை வேறு. அதை நிறுத்தவே கூடாது. மாறாக, உயிர்ச்சத்து 'ஏ' மாத்திரையைத் தாமாக வாங்கி அளவு மீறித் தின்றால் கருவிலுள்ள குழந்தைக்கே கேடு.

மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெளிவாகத் தெரிந்தவற்றுள் தாய்ப்பால் ஒன்று. 30 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, 12 மாதம் பாலூட்டினால் இவ்வாய்ப்பு சுமார் 4 சதம் குறைகிறது. நடவுக் கூலிக்காகக் குழந்தையைச் சீக்கிரமே புட்டிப்பாலுக்கு மாற்றும் வீடுகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் நோய் சிலருக்கு வரத்தான் செய்யும். அப்போது உயிரைக் காப்பது காலம். மும்பையில் 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்துப் பார்த்ததன் பயனாக, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி ஏதும் அங்கே பயன்படவில்லை.

நம் ஊர்களில் கட்டி தென்பட்டாலும் வலி இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். இந்நோயில் தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுவதில் ஒரு பருவம் கழிந்துவிடும். கூச்சத்தில் இன்னொரு பருவம். அரசுத் திட்டத்தின்படி 30 வயது கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகச் சோதனை செய்து கொள்ளலாம். ஐயம் இருந்தால், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இருக்கிறது. திருவாண்டார்கோயிலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அன்று ஒரு நாள் வீட்டு ஆண்கள் இருந்தால் போதும்.